நஞ்சு காய்க்கும் அவரைகள்

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், ரத்தம் கட்டியாக உறையாமல் இருக்க வார்ஃபரின், பார்க்கின்சன் நடுக்கத்துக்கு லெவோடோபா. தெருமுனை மருந்துக்கடையில் சீட்டை நீட்டியதும் எடுத்துக் கொடுக்கிற மாத்திரைகள் இவை. மூன்றின் பூர்விகத்தையும் தேடிப் போனால் துவரையும் உளுந்தும் கடலையும் பிறந்த அதே அவரைக் குடும்பத்தில்தான் போய் நிற்போம். மெட்ஃபார்மினுக்கு வழிகாட்டிய செடி ஆடுகளைக் கொன்ற செடி. வார்ஃபரினுக்கு வழிகாட்டிய தீவனம், மாடுகளை உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாக வைத்த தீவனம். லெவோடோபா நிறைந்த விதையைப் பக்குவம் தப்பிச் சமைத்தால் புத்தி பேதலிக்கும்.

ஏன் இந்தக் குடும்பத்தில் இவ்வளவு நஞ்சு? அவரையினச் செடிகளின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன. மற்ற செடிகள் சிக்கனமாகச் செலவழிக்கும் நைட்ரஜன் இவற்றுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் விதையில் புரதம் சேர்கிறது. புரதம் சேர்ந்த விதைக்கு வண்டு, எலி, மாடு, மனிதன் என்று எல்லோரும் போட்டி. அந்தப் போட்டியைச் சமாளிக்க அதே நைட்ரஜனைக் கொண்டு ஆல்கலாய்டுகளையும், உடம்பின் புரதத்தில் சேராத விசித்திரமான அமினோ அமிலங்களையும், லெக்டின் என்ற நச்சுப் புரதங்களையும் செடி தயாரித்துக்கொள்கிறது. நாம் வாரம்தோறும் சமைக்கும் ராஜ்மாவிலும் லெக்டின் உண்டு. சரியாக வேகாத ராஜ்மா வயிற்றைப் புரட்டிப் போடுவது அதனால்தான்.

நஞ்சு விதையில் இருக்கிறது என்பது பாதி உண்மை. பஞ்சம், தண்ணீர்த் தட்டுப்பாடு, மருத்துவர் கேட்கத் தவறிய ஒரு கேள்வி, இவற்றில் ஏதாவது ஒன்று சேரும்போதுதான் அது ஊர்க்கணக்கில் மனிதர்களைச் சாய்க்கிறது. கேசரிப் பருப்பின் கதையைப் படித்தால் இது புரியும்.

பஞ்சத்தில் பிழைத்த பருப்பு

மத்திய இந்தியாவின் சாகர் வட்டாரத்தில் 1829இல் ஆலங்கட்டி மழை கோதுமையை அழித்தது. 1830இல் மழை பொய்த்தது. 1831இல் பயிரை நோய் தின்றது. மூன்று ஆண்டும் அசராமல் விளைந்தது கேசரி மட்டும்தான். ஜனங்கள் அதைத் தின்று உயிர் பிழைத்தார்கள். 1833இல் அந்தக் கிராமங்களில் முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு இடுப்புக்குக் கீழே கால்கள் விளங்காமல் போயின. ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஸ்லீமன் இதை எழுதி வைத்திருக்கிறார்.

லாத்திரிசம் என்ற இந்த நோய் கொடூரமானது. மூளை தெளிவாக இருக்கும், கைகள் வேலை செய்யும், கால்கள் மட்டும் விறைத்து ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும். முதலில் ஒரு கோல், பிறகு இரண்டு கோல், கடைசியில் தரையில் தவழ்வது. வந்த முடக்கம் திரும்புவதில்லை. என்றைக்கோ ஒருநாள் கொஞ்சம் சாப்பிட்டவருக்கு இது வராது. மாதக்கணக்கில் இதையே முக்கிய உணவாகத் தின்றவருக்குத்தான் வரும். அதாவது, தட்டில் வேறெதுவும் இல்லாதவருக்கு.

காரணமான மூலக்கூறைக் கண்டுபிடித்தவர்கள் இந்தியர்கள். 1964இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா மூவரும் கேசரி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் டெல்லியில் டி.ஆர். சேஷாத்ரியின் குழுவும் அதைக் கண்டறிந்தது. சுருக்கமாக ஓடாப் என்கிறார்கள். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் குளூட்டமேட்டின் சாயல் இதற்கு உண்டு. குளூட்டமேட் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ள, தூண்டுதல் ஓயாமல் தொடர்ந்து, கால்களை இயக்கும் நரம்பணுக்கள் சோர்ந்து மடிகின்றன.

அதற்கு இருபது ஆண்டு முன்பே ஒரு மருத்துவர் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இந்த நோயை அடையாளம் கண்டுவிட்டார். இரண்டாம் உலகப் போரில் ருமேனியாவின் பிடியில் இருந்த வப்னியார்கா முகாமில், 1942 இலையுதிர் காலம் முதல் யூதக் கைதிகளுக்குத் தினம் 400 கிராம் கேசரியை அவித்துப் போட்டார்கள். அது கால்நடைத் தீவனத்துக்கு வைத்திருந்தது. சில வாரங்களில் ஒவ்வொருவராக நடை தளர்ந்து விழுந்தார்கள். அங்கேயே கைதியாக இருந்த மருத்துவர் ஆர்தர் கெஸ்லர் தட்டில் இருப்பதுதான் காரணம் என்று சொன்னார், முகாம் அதிகாரிகளிடம் மன்றாடினார், உணவு மாறும்வரை ஓயவில்லை. அதற்குள் நூற்றுக்கணக்கானோருக்குக் கால் போய்விட்டது. போர் முடிந்த பிறகு இஸ்ரேலில் குடியேறிய கெஸ்லர், பிழைத்தவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்துக்கொண்டார்.

இந்தியாவில் கேசரி விற்பனைக்கு 1961இல் தடை வந்தது. துவரம்பருப்பிலும் கடலை மாவிலும் கலப்படமாக அது நம் அடுப்படிக்கு வருவதை அந்தத் தடை முழுதாக நிறுத்தவில்லை. கோடரி நுனி போல் ஒரு பக்கம் சரிந்த பருப்பைக் கண்டால் பொறுக்கி எறியச் சொல்லி நுகர்வோர் அமைப்புகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சத்தீஸ்கரிலும் பீகாரிலும் வங்கத்திலும் நெல் அறுவடைக்கு முன்னாலேயே ஈர வயலில் விதைத்துவிட்டால், உழவில்லாமல் உரமில்லாமல் கேசரி வளர்ந்துவிடுகிறது. வெள்ளமும் வறட்சியும் தாங்கும் பயிரை எந்த ஏழை விவசாயி விடுவார்? ரத்தன், பிரதீக், மகாதியோரா என்ற நஞ்சு குறைந்த ரகங்களை நம் வேளாண் விஞ்ஞானிகள் உருவாக்கியிருக்கிறார்கள். விதையை ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினாலும் ஓடாப் கணிசமாக வெளியேறிவிடும், அது நீரில் கரைவது என்பதால். தடைச் சட்டத்தைவிட நல்ல விதையும் ஒரு குடம் அதிகத் தண்ணீரும்தான் அந்தக் கிராமங்களுக்குப் பயன்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இந்த ஓடாப்புக்கு இன்னொரு முகம் உண்டு. சீன மருத்துவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தத் தரப்படும் சான்சி என்ற ஜின்செங் வகை வேரில், ரத்தம் நிறுத்தும் பொருளாக அடையாளம் காணப்பட்டது இதே மூலக்கூறுதான். அங்கே அதற்கு வேறு பெயர் சூட்டியிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது பிறகே தெரியவந்தது.

சேப்பாக்கத்தில் பிறந்த படிகம்

பூனைக்காலிக் கொடியைத் தொட்டவர்களுக்கு அந்த அரிப்பு மறக்காது. காயின்மேல் பொன்னிறத்தில் படர்ந்திருக்கும் சுணை தோலில் ஏறினால் பிய்த்துக்கொள்ளத் தோன்றும். அந்த முடிகளில் இருக்கும் மியூக்குனைன் என்ற புரதம் சிதைக்கும் நொதிதான் காரணம். உள்ளே இருக்கும் பளபளப்பான விதையில் இருப்பதோ வேறு விஷயம்.

1937இல் சேப்பாக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்து, பிரிட்டனிலிருந்து வெளிவரும் உயிர்வேதியியல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அப்போது அது ஒரு வேதியியல் செய்தி மட்டுமே. அந்தப் பொருள் எதற்கு உதவும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டு கழித்து, 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன், அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபாவைச் செலுத்தி எழுந்து நடமாட வைத்தார். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிப்போயிருப்பதை வியன்னாவில் ஹோர்னிகீவிச் கண்டார். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபாவை மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்து நோயாளிகளை நடக்க வைத்தார். கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு கிடைத்தது. சேப்பாக்கத்து இருவரின் பெயரை நம் பாடப்புத்தகங்கள்கூடச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு எல்-டோபா இருக்கும் விதையைக் காய்கறிபோல் தின்ன முடியாது. ஆனால் பொதிகை மலையின் காணிக்காரர்கள் தின்கிறார்கள். ஏழெட்டு முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் வாயில் போடுவார்கள். டோபாவும் மற்ற வேண்டாத பொருள்களும் அந்தத் தண்ணீரோடு போய்விடும் என்று நவீனச் சோதனை சொல்வதற்கு முன்பே அவர்கள் அடுப்பு அதைச் சொல்லிவிட்டது.

அந்தத் தண்ணீரைக் கொட்ட முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மொசாம்பிக்கின் நம்புலா மாகாணம் சாட்சி. அங்கும் பூனைக்காலி விதையைப் பலமுறை வேகவைத்து நீரை மாற்றித்தான் உண்பார்கள். 1989இல் உள்நாட்டுப் போர், பசி, குடிக்கவே தண்ணீர் இல்லாத வறட்சி. வேகவைத்த நீரைக் கொட்ட மனம் வராமல் வைத்துக்கொண்டார்கள். தலைவலி, படபடப்பு, பிதற்றல், இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவது என்று ஏராளமானோர் மருத்துவமனைகளில் வந்து சேர்ந்தார்கள். மூளையில் டோபமைன் அளவுமீறி ஏறியதன் விளைவு அது. ஒரு நோயாளிக்கு நடை தந்த அதே பொருள், பசித்த ஊருக்குச் சித்தப்பிரமை தந்தது.

இன்று பூனைக்காலிப் பொடி இணையக் கடைகளில் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் ஆண்மைக்குறைவு என்று பயந்தவர்களுக்கும் டப்பாவில் விற்கிறது. அதில் எவ்வளவு டோபா இருக்கிறது என்பது ஒவ்வொரு டப்பாவுக்கும் மாறும். சித்த மருத்துவர் சுத்தி செய்து, அளவு பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுப்பது வேறு. மனநோய் மாத்திரையோ ரத்தக்கொதிப்பு மாத்திரையோ சாப்பிடும் ஒருவர் தானாகவே கரண்டிக் கணக்கில் போட்டுக்கொள்வது வேறு. இயற்கைப் பொருள்தானே என்ற சமாதானம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. பொடியில் இருப்பதும் மாத்திரையில் இருப்பதும் ஒரே மூலக்கூறு.

உறையாத ரத்தம்

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்த கிடாரி ஒன்று, பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கெட்டுப்போன தீவனம் ஒரு பொதி ஆகியவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓட்டி மேடிசன் நகருக்கு வந்தார். மாடுகள் சாவதற்கு யாராவது காரணம் சொல்ல மாட்டார்களா என்ற தவிப்பு. கால்நடை மருத்துவரின் அலுவலகம் மூடியிருந்தது. விளக்கு எரிந்த கட்டடம் ஒன்றில் வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் இருந்தார். இந்தத் தீவனத்தை நிறுத்துங்கள் என்பதைத் தவிர அன்று அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

தீவனம், ஸ்வீட் குளோவர் என்ற வெந்தயத்துக்கு உறவான அவரையினச் செடி. இனிய மணத்துக்குக் காரணமான கூமரின் அதில் உண்டு, அது தீங்கற்றது. வைக்கோலில் ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால், பூசணம் அதை டைகூமரால் என்ற பொருளாக மாற்றிவிடும். ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையை அது தடுத்துவிடும். டைகூமராலின் படிகம் லிங்கின் ஆய்வுக்கூடத்தில் ஹெரால்ட் கேம்ப்பெல் கைக்குக் கிடைக்க 1939 ஆயிற்று. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1951இல் அதைத் தின்று உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒரு படைவீரர் வைட்டமின் கே கொடுத்ததும் பிழைத்தார். மாற்று இருக்கிறது என்று தெரிந்ததும் மருத்துவர்களுக்குத் தைரியம் வந்தது. 1954இல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே மாரடைப்பு வந்த அதிபர் ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள்.

சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் ஆயுள் முழுக்க நம்பியிருப்பது இந்த மாத்திரையைத்தான். திடீரென்று கீரையைக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்வது கீரையில் இருக்கும் வைட்டமின் கே-யை மனத்தில் வைத்துத்தான்.

மெட்ஃபார்மினின் கதையும் இப்படித்தான். ஐரோப்பாவின் கலேகா செடியில் இருக்கும் கலேஜின் என்ற பொருள் சர்க்கரையைக் குறைத்தது, கூடவே நஞ்சாகவும் இருந்தது. அதன் சாயலில் ஆய்வுக்கூடத்தில் செய்த மெட்ஃபார்மினை 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றவாளி யார் என்று சோதிக்கக் குடிக்க வைத்த கலபார் அவரை விதையிலிருந்து பைசோஸ்டிக்மின் வந்தது. ஊமத்தை நஞ்சுக்கு அது முறிவு. தசை சோர்ந்து கண்ணிமைகூடத் தூக்க முடியாத நோயாளிக்கு 1934இல் லண்டன் மருத்துவர் மேரி வாக்கர் அதைச் செலுத்தியபோது இமை திறந்தது.

பிள்ளையார் கண்

களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி, பொற்கொல்லர் தராசில் எடையாக இருந்தது, பல்லாங்குழியில் காயாக இருந்தது. ஓடு உடையாத விதை பெரும்பாலும் வயிற்றில் கரையாமல் வெளியேறிவிடும். ஓடு உடைந்தால் நிலைமை தலைகீழ். உள்ளே இருக்கும் அப்ரின் இரண்டு சங்கிலிகளாலான புரதம். ஒரு சங்கிலி உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, மற்றது உள்ளே நுழைந்து புரதம் தயாராகும் ரைபோசோம்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்கிறது. உடனே தெரியாது. மணிக்கணக்கில் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். முறிவு மருந்து இன்றுவரை கிடையாது. குழந்தை குன்றிமணியைக் கடித்துவிட்டது என்று தெரிந்தால் நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவம் இந்த விதைக்கும் கடன்பட்டிருக்கிறது. 1891இல் பால் எர்லிக் எலிகளுக்கு அப்ரினைச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கினார். அவை பிறகு கொல்லும் அளவையும் தாங்கின, ஆனால் அப்ரினை மட்டுமே. ஒவ்வொரு நஞ்சுக்கும் உடம்பு தனித்தனியே எதிர்ப்பொருள் தயாரிக்கிறது என்ற புரிதலுக்கு அந்தச் சோதனை ஒரு முதற்படி. சித்த, ஆயுர்வேத முறைகளில் குன்றி விதையைப் பாலிலோ காடியிலோ வேகவைத்துச் சுத்தி செய்த பிறகே சேர்ப்பார்கள். அப்ரின் புரதம் என்பதால் வெப்பத்தில் உருக்குலையும். முன்னோர் கணக்கும் வேதியியலும் இங்கே ஒத்துப்போகின்றன. இந்திய மருந்து விதிகளின் நச்சுப்பொருள் அட்டவணையில் குன்றி இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

குழந்தை என்ன தின்றது?

கடைசியாக, எனக்கு மிகவும் வலித்த கதை. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், பிஜ்னோர் வட்டாரத்தில், ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்த மாதங்களில் சின்னக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றுவரை ஓடியாடிய குழந்தை வாந்தி எடுக்கும், பிதற்றும், நினைவிழக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். பிழைத்தவர்கள் கொஞ்சம்தான். மூளைக்காய்ச்சல், ஏதோ வைரஸ் என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடினார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டு பணியாற்றிய வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜானும், பிஜ்னோர் குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் சகாக்களும் அதை மறுத்துத் தேடினார்கள். வைரஸ் நோய் என்றால் மூளையில் அழற்சி இருக்க வேண்டும், இல்லை. ஈரலும் தசையும் கெட்டிருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் கூலி வேலைக்குப் போகும் ஏழைகளின் குழந்தைகள். வீட்டுக்குப் போய் என்ன தின்றார்கள் என்று கேட்டபோது, கூட விளையாடிய பிள்ளைகள் வேலியோரத்துச் செடியைக் காட்டினார்கள். பேயாவரை. பச்சைக் காயை உரித்துப் பட்டாணிபோல் தின்றிருக்கிறார்கள். 2007இல் முடிவுகள் வெளியாயின. பிறகு லக்னோ நச்சியல் ஆய்வு நிறுவனத்தார், நோயுற்ற குழந்தைகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் அந்த விதையின் ஆந்த்ரகுவினோன் என்ற நச்சுப்பொருள்களையே கண்டார்கள். பெற்றோருக்கு விஷயத்தைச் சொல்லி, செடியை வேலியோரங்களில் பிடுங்கத் தொடங்கியதும் பிஜ்னோரில் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2016இல் ஒடிசாவின் மல்கான்கிரியில் பழங்குடிக் குழந்தைகள் கொத்தாக இறந்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சலோடு இந்தச் செடிக்கும் பங்கு இருந்ததை அதே ஜேக்கப் ஜான் அங்கே போய்க் கண்டார்.

ஆந்த்ரகுவினோன் நமக்கு அந்நியம் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி கரிசலில் விளைந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் நிலாவாரை இலையின் மலமிளக்கிக் குணம் இதே இனத்துப் பொருள்களால்தான். நிலாவாரையில் இருக்கும் சென்னோசைடுகள் பெருங்குடலுக்குப் போன பிறகே வேலை செய்கின்றன, உடம்பில் அதிகம் ஏறுவதில்லை. பேயாவரையின் பச்சை விதையைச் சின்னஞ்சிறு வயிறு ஒரு கைப்பிடி வாங்கிக்கொள்ளும்போது அதிலுள்ள ஆந்த்ரகுவினோன்கள் ஈரலைத் தாக்குகின்றன. அதே விதையை நன்றாக வறுத்துக் காப்பித்தூள்போல் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. வறுக்கும்போது நஞ்சின் வீரியம் போய்விடுகிறது.

பேயாவரை தமிழ்நாட்டின் எல்லாச் சாலையோரங்களிலும் இருக்கிறது. நாம் பூப்பறித்துத் தேநீர் போடும் ஆவாரையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆவாரைக்குச் சின்னச் சின்ன இலைகள் நிறைய, காய் பட்டையாகக் காகிதம்போல் இருக்கும். பேயாவரைக்கு ஒரு காம்பில் நான்கைந்து இணை இலைகள்தான், நுனி கூர்மையாக இருக்கும், கசக்கினால் துர்நாற்றம் வரும். காய் விரல் நீளத்துக்கு ஒல்லியாக, மேல்நோக்கி லேசாக வளைந்து, ஓரத்தில் வெளிறிய கோட்டோடு நிற்கும். அங்கன்வாடியைச் சுற்றியும், அம்மாக்கள் குழந்தைகளோடு போகும் நூறு நாள் வேலைத் தளங்களிலும், காய் பிடிக்கும் முன் அதைப் பிடுங்கிப் போட ஊராட்சிக்கு ஒரு காலை வேளை போதும். காரணம் தெரியாத வாந்தியோடும் மயக்கத்தோடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம், காய்ச்சல் எத்தனை நாள் என்ற கேள்விக்கு அடுத்து, என்ன காய் தின்றது என்றும் கேட்டு எழுதும் ஒரு வரி அரசு மருத்துவமனைச் சீட்டில் இடம்பெற வேண்டும். கேட்பவருக்கு அடையாளம் தெரிய, காய்ந்த காய் ஒன்றும் மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.